ப்ரேக் சரியாகிற வரைக்கும்

சொன்னது சுகுமாரனேதான். யாரும் அவர் வாயில் வார்த்தையைத் திணிக்கவில்லை. மகள் ஷாமினி ஈப்போவில் பார்த்துக்கொண்டிருந்த கணக்கு வேலையை விட்டுவிட்டு வந்து, சைக்கிளில் தன்னந்தனியாகத் தாய்லாந்தின் வடக்கு மூலைவரை போய்வரப் போகிறேன் என்று சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்னபோது, "போகாதே" என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொந்தமாகச் சம்பாதித்துச் சாப்பிட்ட பெண்ணை எந்த உரிமையில் தடுப்பது? ஆனால் சும்மாவும் விட முடியவில்லை. அதனால் பெரிய மனுஷத் தோரணையில் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டார்.

"சைக்கிள் ப்ரேக்க நான்தான் செட் பண்ணுவேன். சரின்னு என் வாயால சொன்னாத்தான் நீ கிளம்பணும். சம்மதமா?"

"சம்மதம்பா," என்றாள் ஷாமினி, யோசிக்காமலே. அப்பா கமுந்திங் தொழிற்பேட்டையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிற ஃபிட்டர். அவருக்கு ஒரு சைக்கிள் ப்ரேக் எம்மாத்திரம்? ஒரு சாயங்கால வேலை என்று நினைத்துவிட்டாள், பாவம்.

சைக்கிள் நல்ல சைக்கிள்தான். ஜப்பானிலிருந்து பழைய வண்டிகள் வந்து இறங்குகிற கிடங்கு ஒன்று ஈப்போவில் இருக்கிறது. அங்கே தேடிப் பிடித்து எடுத்த பச்சை வண்டி. எஃகுச் சட்டம், மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவதற்கென்றே செய்தது. அதில் இருந்தது கான்டிலீவர் ப்ரேக். சக்கரத்துக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு குட்டைக் கைகள் முழங்கையை விரித்தபடி நிற்கும். கைக்கு ஒரு ப்ரேக் கட்டை. இரண்டு கைகளையும் ஒரு குறுக்குக் கம்பி இணைக்கும். மேலிருந்து வருகிற கேபிள் அந்தக் கம்பியின் நடுவைப் பிடித்து இழுத்தால் இரண்டு கட்டையும் சேர்ந்து ரிம் என்கிற சக்கர வளையத்தைக் கவ்வும். அவ்வளவுதான் கதை.

ஆனால் அந்தக் கைகள் இரண்டும் லேசில் ஒத்துப்போகாது. ஒன்றை இழுத்துக் கட்டினால் மற்றது முறைத்துக்கொண்டு விலகும். குறுக்குக் கம்பி உயரமாக நின்றால் பிடி மந்தம்; தாழ்ந்துபோனால் லீவர் கைப்பிடியை முட்டும். எல்லாவற்றுக்கும் மேலே கட்டை நிற்கிற கோணம். அதன் முன் நுனி முதலில் ரிம்மைத் தொட வேண்டும், பின் நுனி ஒரு நூல் தள்ளி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ப்ரேக் பிடிக்கும்போதெல்லாம் கீச்சென்று ஒரு சத்தம் வந்து தெருவையே எழுப்பிவிடும்.

மழை மாதம். தைப்பிங் பக்கத்து மழையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மத்தியானம் இருட்டிக்கொண்டு வந்தால் சாயங்காலம்வரை லேசில் ஓயாது. வேலை முடிந்து வந்ததும் சுகுமாரன் போர்ட்டிக்கோவில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்காருவார். முன்சக்கரத்தைச் சுழற்றிவிடுவார். அது சுற்றும். மழை பெய்யும். இரண்டு சத்தமும் கலந்து அவர் கண்ணைச் சொக்க வைக்கும்.

சுற்றுகிற ஆரைக்கம்பிகளுக்குள்ளே அவருக்குச் சாலைகள் தெரிந்தன. பாரிட் புந்தார் வயல்காடு தெரிந்தது, தண்ணீர் நிறைந்த வயலுக்கு நடுவே ஒரு கோடு மாதிரி ரோடு, ரோட்டில் பச்சையாக ஒரு புள்ளி. அதைத் தாண்டி அவர் பார்த்தேயிராத ஊர்கள், வாசிக்கத் தெரியாத எழுத்தில் பெயர்ப்பலகைகள், யாருமில்லாத ஒரு மலைப்பாதை. அந்தப் புள்ளிக்குப் பின்னால் எப்போதும் ஒரு லோரி வரும். லோரி நெருங்குகிற சமயம் பார்த்துச் சக்கரம் ஓய்ந்து நிற்கும். அவர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் சுழற்றிவிடுவார்.

உண்மையைச் சொன்னால் என்ன, ப்ரேக் முதல் வாரத்திலேயே சரியாகிவிட்டது. சரியாக்கியவரும் அவர்தான், அதைக் கெடுத்தவரும் அவர்தான். ஷாமினி குளிக்கப் போகும்போது கட்டையின் நட்டைத் தளர்த்தி, நுனியை ஒரு நூல் திருப்பி வைத்துவிடுவார். பிடி ஒன்றும் குறையாது, ஆபத்தில்லை. ஆனால் சத்தம் வரும். சாயங்காலம் அவள் ஓட்டிப் பார்க்கக் கிளம்புவாள். வீட்டு வாசலிலிருந்து முனியாண்டி கோவில் மேடு தாண்டி, சரிவில் இறங்கி, பெரிய ரோடு சேருகிற முனையில் ப்ரேக் பிடிப்பாள். கீச்! போர்ட்டிக்கோவில் உட்கார்ந்தபடியே சுகுமாரனுக்குக் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் அவள் திரும்பி வருகிறாள் என்று அர்த்தம். அவருக்கு உடம்பெல்லாம் ஒரு நிம்மதி பரவும்.

"கேட்டியா? இன்னும் சரியில்ல," என்பார், வந்து இறங்குகிறவளிடம்.

"கேட்டுச்சுப்பா," என்பாள் அவள். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போவாள்.

முச்சந்தியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற நாகூர் மீரானுக்குத்தான் பொறுக்கவில்லை. பார்சல் தேநீரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயை ரப்பர் பேண்டால் கட்டிக்கொண்டே ஒருநாள் கேட்டார்.

"என்னாண்ணே, இன்னுமா ப்ரேக்கு? இந்நேரம் கப்பலே கட்டி முடிச்சிருப்பாங்க, லா."

"அது லேசுப்பட்ட ப்ரேக் இல்ல மீரான். உங்களுக்கெல்லாம் தெரியாது."

"எனக்குத் தெரியாதுதான். ஆனா நீங்க ப்ரேக்க பாத்துப் பயப்படுறீங்களா, புள்ளய நெனச்சுப் பயப்படுறீங்களான்னு மட்டும் நல்லாத் தெரியுது." சிரித்துக்கொண்டே இன்னும் ரெண்டு ரப்பர் பேண்டை எடுத்து அவர் கையில் வைத்தார். "இந்தாங்க, வேலைக்கு ஆகும்னு சொன்னீங்களே."

வேலைக்கு ஆகும்தான். கட்டையின் பின் நுனியில் ரப்பர் பேண்டைச் சுற்றி, ரிம்மோடு அழுத்தி வைத்து நட்டை முடுக்கி, பிறகு ரப்பரை அவிழ்த்துவிட்டால் அந்த ஒரு நூல் இடைவெளி தானாக அமைந்துவிடும். சுகுமாரன் தேநீரோடு வீட்டுக்கு வந்துவிட்டார். வழியெல்லாம் மீரானை மனதுக்குள் வைது தீர்த்தார்.

கடைசியில் ஷாமினியே ஒரு நாள் குறித்துவிட்டாள். "அப்பா, வர்ற திங்கக்கெழம கிளம்புறேன். இதுக்கு மேல தள்ளிப்போட முடியாது."

"நான் இன்னும் சரின்னு சொல்லலியே!"

"அதுக்குள்ள சொல்லிருவீங்க," என்று இடையில் புகுந்தாள் அவர் மனைவி புஷ்பலதா. அவளுக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனால் அவள் பயத்தைச் சாமியிடம் ஒப்படைத்துவிட்டு வேலையைப் பார்க்கிறவள். "சனிக்கெழம காலையில முனியாண்டிக்குப் பூச போட்டுருவோம். பூசாரிகிட்ட சொல்லிட்டேன். ரோட்டுல போற புள்ளைக்கு அவருதானே தொணை?"

சனிக்கிழமை காலையில் சுகுமாரன் தில்லுமுல்லு எதுவும் செய்யவில்லை. கோவில் சரிவில் அவள் இறங்கப் போகிறாள். அங்கே விளையாட முடியாது. மீரான் கொடுத்த ரப்பர் பேண்டைச் சுற்றி, கட்டைகளை ஒழுங்காக உட்கார வைத்தார். இரண்டு கைகளையும் ஒரே அளவு விலக வைத்தார். தானே ஏறி வாசலில் ஒரு வட்டம் ஓட்டிப் பிடித்துப் பார்த்தார். வண்டி நின்றது, சத்தமே இல்லை. அவர் செய்த வேலையிலேயே அழகான வேலை அதுதான் என்று அவருக்கே தோன்றியது. ஆனாலும் ஷாமினி கேட்டபோது, "இன்னும் கொஞ்சம் பாக்கணும்," என்று முணுமுணுத்துவிட்டுக் குளிக்கப் போனார். சரி என்கிற ஒரு வார்த்தை அவர் நாக்கில் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

முனியாண்டி கோவில் மேட்டில் முன்பு கித்தாத் தோட்டத்து ரப்பர்த் தொழிற்சாலை இருந்தது. தோட்டம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்கள் போய், தாமான் என்று சொல்லும் வரிசை வீட்டுக் குடியிருப்பு வந்துவிட்டது. பழைய புகைபோக்கியும் அதன் காலடியில் முனியாண்டியும் மட்டும் நகரவில்லை. பூசாரி அப்பாவு சைக்கிளுக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். ஷாமினி பழங்களை நசுக்கிக்கொண்டு சரிவில் இறங்கினாள். முனைக்கு வந்து ப்ரேக்கைப் பிடித்தாள்.

சைக்கிள் நிற்கவில்லை.

இரண்டு லீவரையும் அவள் இறுக்கிப் பிடிப்பது மேட்டிலிருந்தே தெரிந்தது. சக்கரம் தன்பாட்டில் வழுக்கிக்கொண்டு போனது. பெரிய ரோட்டில் ஒரு லோரி ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தது. கடைசி நொடியில் ஷாமினி வண்டியை ஓரமாக ஒடித்து லாலாங் புல்லுக்குள் விட்டு விழுந்தாள். லோரி அவளைத் தாண்டிப் போய்விட்டது.

முட்டி தோல் வழன்று ரத்தம். வேறொன்றும் இல்லை, நல்லவேளை. புஷ்பலதா தலையில் அடித்துக்கொண்டு ஓடினாள். அப்பாவு கற்பூரத் தட்டும் கையுமாக நின்று, "ஐயா உத்தரவு குடுக்கலம்மா," என்றார் மெதுவாக. "எலுமிச்சம்பழத்த மிதிச்ச ஒடனே விழுந்தா வேற என்னா அர்த்தம்? போகாதேன்னு கையக் காட்டிட்டாரு."

சுகுமாரன் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். ரிம்மைப் பிடித்தவருக்கு விரல் வழுக்கியது. விரலை மூக்கருகே கொண்டுபோனார். நல்லெண்ணெய். நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவள் சேலைத் தலைப்பில் கரியும் எண்ணெயுமாகப் பெரிய கறை. குளிக்கப் போன நேரத்தில் என்ன நடந்திருக்கிறது என்று அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது. சாமி காரியமாயிற்றே, சக்கரம் கரியாகக் கிடக்கலாமா என்று விளக்குக்கு ஊற்றுகிற நல்லெண்ணெயில் துணியை நனைத்து வளையம் முழுக்க மினுக்கியிருக்கிறாள். ப்ரேக் கவ்வுகிற இடமே அதுதான் என்று அவளுக்கு யார் சொன்னது?

சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் ஷாமினி, அம்மாவின் தோளைப் பிடித்து எழுந்துகொண்டே சொன்னாள்.

"நான் போகலப்பா."

திறந்த வாய் மூடிக்கொண்டது.

அன்றைக்குச் சாயங்காலம் மழை விட்டுவிட்டுப் பெய்தது. ஊரே வந்து விசாரித்துவிட்டுப் போனது. சுகுமாரன் போர்ட்டிக்கோ நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். நினைத்தது நடந்துவிட்டது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, சாமியே பேசிவிட்டது. இனி லோரி கிடையாது, மலைப்பாதை கிடையாது. கண்ணை மூடினார். வயலுக்கு நடுவே அதே ரோடு வந்தது. இந்தத் தடவை ரோட்டில் பச்சைப் புள்ளி இல்லை. தண்ணீரில் வானம் கிடந்தது, கொக்குகள் நின்றன, ரோடு யாரும் இல்லாமல் நீண்டுகொண்டே போனது. அந்த வெறுமையைப் பார்க்க அவருக்கு ஏனோ அழுகை வந்தது. விழித்துக்கொண்டு, அழுதது தூக்கத்தில்தான் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் காலையில் ஷாமினி பைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மழைக்கோட்டை மடித்து அலமாரியில் வைத்தாள். சின்ன அடுப்பை எடுத்து அடுப்படியில் வைத்தாள். பிறகு நொண்டிக்கொண்டே வந்து அப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். சத்தம் ஒருநாள் இடது பக்கத்துலேருந்து வரும், மறுநாள் வலது பக்கத்துலேருந்து வரும். நீங்க வேணும்னே இழுத்தடிக்கிறீங்கன்னு நெனச்சேன். நீங்களா சரின்னு சொல்லட்டும்னுதான் கேக்காம இருந்தேன். நேத்துதான் தெரிஞ்சுது, நெசமாவே ப்ரேக் சரியில்லாமத்தான் இருந்திருக்கு. உங்களத் தப்பா நெனச்சுட்டேன்பா. மன்னிச்சுக்குங்க."

சுகுமாரன் அவள் நீட்டி வைத்திருந்த காலைப் பார்த்தார். தன்னிடம் மன்னிப்புக் கேட்கிறாளே! கூடவே, இந்த மனுஷனை என்னவென்று சொல்வது, அந்த நேரத்திலும் உள்ளே இன்னொரு குரல் குதித்தது: என் ப்ரேக் சரியில்லையா? நான் செட் பண்ணின ப்ரேக்கா பிடிக்கவில்லை? பாசம் பேசியதோ ரோஷம் பேசியதோ, அவருக்கே தெரியாது. எழுந்து நின்று கத்திவிட்டார்.

"எண்ணெய்! நல்லெண்ணெய்! உங்கம்மா ரிம் பூராவும் எண்ணெயத் தடவி வெச்சிருக்கா! சாமியுமில்ல உத்தரவுமில்ல. ப்ரேக் நல்லாத்தான் இருந்துச்சு!"

அடுப்படியிலிருந்து புஷ்பலதா கரண்டியோடு வந்தாள். "என்னா, பழிய என் தலையில போடுறீங்களா? இரும்புன்னா எண்ணெய் போடத்தான் செய்வாங்க. ஆயுத பூசைக்கு வருசா வருசம் உங்க ஸ்பேனருக்கெல்லாம் யாரு எண்ணெய் போட்டுத் தொடைக்கிறா? அப்ப மட்டும் இனிச்சுதா?"

"ஸ்பேனரப் பிடிச்சா வண்டிய நிப்பாட்டுறாங்க? ப்ரேக் பிடிக்கிற எடமே அதான்!"

புஷ்பலதாவின் கரண்டி தாழ்ந்தது. சைக்கிளைப் பார்த்தாள், மகளின் முட்டியைப் பார்த்தாள். "அப்ப... புள்ளைய நானா அந்த லோரி முன்னால தள்ளிவிட்டேன்?" என்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் சுகுமாரனின் வீறாப்பெல்லாம் எங்கோ போய்விட்டது.

"நீ ஒண்ணும் தள்ளல. நேத்தே எனக்குத் தெரியும். விரல் வெச்ச ஒடனே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டேன்." மகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். "நீ நெனச்சதும் சரிதான்மா. தெனமும் நட்டத் திருப்பி வெச்சவன் நான்தான். நீ போறது எனக்குப் பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு."

ஷாமினி கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் எழுந்து, நொண்டிக்கொண்டே அலமாரிக்குப் போய் மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எனக்கும் பயமாத்தான்பா இருக்கு," என்றாள். "வாங்க, ப்ரேக்கப் பாப்போம்."

எண்ணெய் குடித்த கட்டைகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுக் கட்டை மாட்டினார்கள். ரிம்மைச் சவுக்காரம் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, மறுபடியும் துடைத்தார்கள். கேபிளை முடுக்குகிறபோதுதான் சிக்கல். இரண்டு கட்டையையும் ரிம்மோடு சேர்த்து யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும், ஒருவர் கேபிளை இழுக்க வேண்டும், ஒருவர் நட்டை முடுக்க வேண்டும்.

"நான் பிடிக்கிறேன்," என்று புஷ்பலதா வந்து உட்கார்ந்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்திருந்தாள், எண்ணெய் இருக்கக் கூடாதென்று. கைகளைச் சக்கரத்துக்கு இரு பக்கமும் வைத்து அழுத்தினாள். சுகுமாரன் கேபிளை இழுத்துப் பிடித்தார். ஷாமினி ஸ்பேனரைப் போட்டாள். கட்டைகளின் பின் நுனியில் மீரானின் ரப்பர் பேண்டுகள் சிவப்பாகத் தெரிந்தன.

"விடலாமா?" என்றாள் புஷ்பலதா. அவள் கை வலித்தது.

"கொஞ்சம் இரு."

"இப்ப?"

சுகுமாரன் குனிந்து இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். குறுக்குக் கம்பி நடுவில் நின்றது. ரப்பர் பேண்டை அவிழ்த்து எடுத்தார். சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

"இப்ப விடு," என்றார். பிறகு, மூச்சை இழுத்துக்கொண்டு மகளிடம் சொன்னார்: "சரி."

திங்கட்கிழமை விடிந்தபோது மலையிலிருந்து மூட்டம் இறங்கி வந்து தாமானை மூடியிருந்தது. கோவில் மேடு தெரியவில்லை, புகைபோக்கியின் தலை மட்டும் தெரிந்தது. புஷ்பலதா நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். சைக்கிளுக்கு எதுவும் பூசவில்லை. ஷாமினி இரண்டு பேரையும் கட்டிக்கொண்டாள்.

"போய்ட்டு வாரேன்பா."

எவ்வளவோ சொல்ல வேண்டும் என்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தார் சுகுமாரன். "லோரிக்கு வழி விட்ரும்மா," என்பதுதான் வந்தது.

அவள் ஏறி மிதித்தாள். கோவில் மேட்டை அடைவதற்குள் மூட்டம் அவளை எடுத்துக்கொண்டது. சுகுமாரன் கேட்டைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினார். இந்நேரம் சரிவில் இறங்குவாள். இந்நேரம் முனைக்கு வந்திருப்பாள். செம்பனை ஓலையிலிருந்து தண்ணீர் சொட்டிற்று, எங்கோ ஒரு சேவல் கூவிற்று. வேறு எந்தச் சத்தமும் வரவில்லை.

"என்னாங்க, ஒண்ணும் கேக்கலியே," என்றாள் புஷ்பலதா பதறி. "நின்னாளா இல்லியா?"

"நின்னிருப்பா."

"எப்படிச் சொல்றீங்க?"

"சத்தம் வரல பாத்தியா? அதான் நல்ல ப்ரேக்கு," என்றார் சுகுமாரன். ஃபிட்டர் குரலில்தான் சொன்னார்.

மூட்டம் விலகி முனை தெரிகிறவரை அங்கேயே நின்றார். ரோடு வெறிச்சென்று கிடந்தது. கட்டையை ஒரே ஒரு நூல் திருப்பி வைத்திருந்தால் போதும், அந்த முனையில் ஒரு தடவை கீச்சென்று கேட்டிருக்கும். ஒரே ஒரு தடவை. அது கூட வராதபடி, தன் கையாலேயே அத்தனை ஒழுங்காகச் செய்து அனுப்பிவிட்டார்.